சோராரிட்டி ரஷ்: என் பொண்ணைக் கழிச்சது யாரு?

கீதா_ஷார்லட்
ஆகஸ்ட் 19, இரவு 9:42

இதை எங்கே கேட்கிறதுன்னு தெரியாம இங்கே வந்திருக்கேன். ஆபீஸ்ல வெள்ளைக்காரத் தோழிகள்கிட்ட சொன்னா, "அவளுக்குன்னு ஒரு இடம் இருக்கும்"னு தோளைத் தட்டிட்டுப் பேச்சை மாத்திடறாங்க. ஊர்ல அம்மாகிட்ட சொல்லலாம்னா, சோராரிட்டின்னா காலேஜ்ல பொண்ணுங்க மட்டும் சேர்ந்து நடத்தற சங்கம்னு விளக்கவே அரை மணி நேரம் போயிடும்.

பொண்ணு இந்த மாசம் இங்க அமெரிக்காவுல, தெற்குல ஒரு பெரிய ஸ்டேட் யுனிவர்சிட்டியில சேர்ந்தா. பேர் வேண்டாம். வகுப்பு தொடங்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ரஷ், அதாவது சோராரிட்டிகள் புதுப் பொண்ணுங்களைத் தேர்ந்தெடுக்கிற வாரம். காலையில எட்டு மணிக்குப் பை நிறைய சாமானோட கிளம்புவா: கையில பிடிக்கிற ஃபேன், மாத்துச் செருப்பு, வேர்வை துடைக்க டிஷ்யூ, முடி ஸ்ப்ரே. ஒவ்வொரு சோராரிட்டிக்கும் ஒரு வீடு, வெயில்ல வீடு வீடா வரிசையில நிக்கணும். கதவு திறந்ததும் உள்ளே கும்பலா பாட்டு, கைதட்டல். பத்து இருபது நிமிஷம் பேச்சு, அடுத்த வீடு.

முதல் நாள் எல்லா வீடும் போனா. அடுத்த நாள் பாதிக்கு மேல காணோம். மூணாவது நாள் நாலு. கடைசிச் சுற்றுக்கு ரெண்டு மிஞ்சிச்சுன்னு சந்தோஷமாத்தான் தூங்கினா. அந்தச் சுற்று அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு அவளோட கவுன்சிலர்கிட்டேருந்து போன். அந்தப் பிள்ளைகளுக்குள்ள ஒரு கணக்கு இருக்காம்: காலையில போன் வரலைன்னா நல்ல சேதி, வந்தா முடிஞ்சுது. ரெண்டு வீடும் கூப்பிடலை.

காரணம் கேட்டா சொல்ல மாட்டாங்க, சொல்லவும் கூடாதாம். கடைசி நாளுக்குன்னு வாங்கின வெள்ளை கவுன் டேக்கோட அலமாரியில தொங்குது.

நான் கேட்கிறது இதான். இது அநியாயமா, இல்ல பொண்ணு அழுததுல எனக்குத்தான் புத்தி கலங்கிருக்கா?

ஹூஸ்டன்காரன்
ஆகஸ்ட் 19, இரவு 10:15

கீதா மேடம், பொண்ணு அழுதது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அநியாயம்கிற வார்த்தை பெரிசு. தனியார் சங்கம், அவங்களுக்குப் பிடிச்சவங்களைச் சேர்த்துக்கறாங்க. நம்ம தமிழ்ச் சங்கத்துல செயற்குழுவுக்கு யாரை எடுக்கறோம்னு நமக்குத் தெரியாதா?

போகாம இருந்தது லாபம்னு நினைங்க. செமஸ்டருக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம், அதுக்கு மேல டி ஷர்ட்டு, பார்ட்டி, போட்டோ. அந்தக் காசுல பொண்ணை ஒரு சம்மர் வெளிநாடு அனுப்பலாம்.

சங்கமித்திரை_சான்ஹோசே
ஆகஸ்ட் 19, இரவு 10:31

கேட்கக் கேட்க ஊர்ல பொண்ணு பார்க்க வர்ற மாதிரியே இருக்கு. பஜ்ஜி சொஜ்ஜி மட்டும்தான் இல்ல. "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டுப் போறவங்க கூட ஏதாவது ஒரு காரணம் சொல்லி அனுப்புவாங்க!

நிலா_02
ஆகஸ்ட் 19, இரவு 11:58

வணக்கம். என் தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா இந்த இழையை அனுப்பி, "நீ உள்ளே இருந்தவள்தானே, பதில் சொல்" என்றார்.

நான் ஒரு சோராரிட்டியில் மூன்று வருடம் இருந்தேன். அதில் ஒரு வருடம் ரஷ் குழுவில். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கீதா ஆன்ட்டி.

பட்டியல் கோடையிலேயே வந்துவிடும். படம், ஊர், பள்ளி, மதிப்பெண். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொருவரின் இன்ஸ்டாகிராமையும் பார்ப்போம். யாருக்காவது தெரிந்த பெண் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி. பழைய உறுப்பினர் யாராவது சிபாரிசுக் கடிதம் எழுதியிருந்தால் இன்னொரு குறி. அம்மாவோ அக்காவோ அதே சோராரிட்டி என்றால் அவள் லெகசி, அதற்குத் தனிக் குறி. உங்கள் மகள் வெயிலில் வரிசையில் நிற்கும்போது எங்கள் வீட்டில் பாதி இடம் மனதளவில் நிரம்பியிருக்கும்.

உள்ளே வந்ததும் ஒருத்தி பேசுவாள். சில நிமிடத்தில் இன்னொருத்தி தோளைத் தொட்டு இடம் மாறுவாள், பிறகு இன்னொருத்தி. கதவு மூடியதும் நாங்கள் போனை எடுத்து மதிப்பெண் போடுவோம். எட்டு நிமிடப் பேச்சுக்கு ஐந்துக்கு எத்தனை? அன்று நான் நூறு பேருக்காவது போட்டிருப்பேன்.

அமைதியான பெண் ஒருத்தி வந்தாள். இந்தியப் பெண். ஏரி வீடு, பனிச்சறுக்கு, கேம்ப் என்று நான் கேட்ட எதுவும் அவள் வாழ்க்கையில் இல்லை. என் வாழ்க்கையிலும் இல்லை, ஆனால் நான் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இரண்டு போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "க்ளிக் ஆகவில்லை" என்று எழுதினேன். அந்த வீட்டில் யாரும் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

ஹூஸ்டன்காரன்
ஆகஸ்ட் 20, காலை 6:50

நிலா, நேர்மையா எழுதினதுக்கு நன்றிம்மா. ஆனா வேலைக்கு இன்டர்வியூ எடுக்கும்போதும் இதே "க்ளிக் ஆகலை"தான். நானே பத்துப் பேரைக் கழிச்சிருக்கேன்.

நிலா_02
ஆகஸ்ட் 20, காலை 7:20

அங்கிள், இன்டர்வியூவில் கழிந்தவர் வேறு கம்பெனிக்குப் போகலாம். இங்கே எல்லா வீடும் ஒரே வாரத்தில், ஒரே கணினியில் கழிக்கின்றன.

அந்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தேசிய பான்ஹெலெனிக் மன்றம் என்று 26 சோராரிட்டிகளுக்கு ஒரு பொது அமைப்பு. அவர்களுடைய முறைப்படி, முந்தைய வருடங்களில் அழைப்பு அனுப்பியதில் எத்தனை பேர் ஒரு வீட்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்று பார்ப்பார்கள். எல்லோரும் ஆசைப்படும் வீடு அதனாலேயே முதல் இரண்டு சுற்றிலேயே நிறையப் பேரை வெட்டியாக வேண்டும். நோக்கம் நல்லதுதான், வீண் நம்பிக்கையோடு ஒரு பெண்ணைக் கடைசி நாள்வரை இழுக்கக் கூடாது. ஆனால் முதல் சுற்றில் வெட்டும்போது கையில் என்ன இருக்கும்? அந்த எட்டு நிமிடமும் கோடைக்காலக் குறிகளும்தான். குறி இல்லாதவள் முதலில் போவாள்.

பெண்களும் வீடுகளை வரிசைப்படுத்துவார்கள், வீடுகளும் பெண்களை வரிசைப்படுத்தும். அதனால் இதற்கு "பரஸ்பரத் தேர்வு" என்று பெயர். கூப்பிடவே ஆள் இல்லாதவளுக்கு அதில் என்ன பரஸ்பரம்?

பழைய_பஞ்சாங்கம்
ஆகஸ்ட் 20, காலை 9:05

கல்லூரி நூலகம் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன், சலித்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இந்தச் சங்கங்கள் பிறந்ததே ஒதுக்கப்பட்ட பெண்களால். ஆண்களின் ஃப்ராடர்னிட்டிகளில் பெண்களுக்கு இடமில்லை. இண்டியானாவில் இன்று டிபா என்று அழைக்கப்படும் கல்லூரியில் பெட்டி லாக் என்ற மாணவிக்கு ஓர் ஆண்கள் சங்கம் தன் பேட்ஜை அணிந்துகொள்ளக் கொடுக்க முன்வந்தது, ஆனால் உறுப்பினர் ஆக்க மாட்டோம் என்றது. "அப்படியென்றால் நானே தொடங்குகிறேன்" என்று 1870-ல் அவர் தோழிகளோடு தொடங்கியதுதான் கப்பா ஆல்ஃபா தீட்டா. சோராரிட்டி என்ற சொல்லே பிற்பாடு சிரக்யூஸில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா பெண்களுக்காக உருவாக்கிக் கொடுத்தது.

ஒதுக்கப்பட்டவர்கள் வீடு கட்டி முடித்ததும் வாசலில் ஆள் நிறுத்தினார்கள். யூதப் பெண்களுக்கு இடமில்லாததால் 1909-ல் பர்னார்ட் கல்லூரியில் ஆல்ஃபா எப்சிலான் ஃபை. கத்தோலிக்கப் பெண்களுக்காக 1912-ல் மிச்சிகனில் தீட்டா ஃபை ஆல்ஃபா. கறுப்பினப் பெண்கள் ஹாவர்ட் (Howard, ஹார்வர்ட் அல்ல) பல்கலைக்கழகத்தில் 1908-லேயே ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கிவிட்டார்கள். இன்று நாம் பார்க்கும் சோராரிட்டிப் பட்டியலை வரிசையாக வாசித்தால் யார் யாரை எந்த வருடம் வெளியே நிறுத்தினார்கள் என்ற பட்டியலாகவும் அது இருக்கும்.

எனக்குப் பிடித்த கதை ஸ்வார்த்மோர் கல்லூரியில் நடந்தது. மாலி யார்ட் என்ற மாணவி அதே கப்பா ஆல்ஃபா தீட்டாவில் உறுப்பினர். ஒரு யூத மாணவியைச் சேர்க்க மறுத்ததும் "இதைத் திருத்துங்கள்" என்று அவர் மன்றாடிக்கொண்டிருக்கவில்லை. சோராரிட்டிகளே வேண்டாம் என்று கல்லூரி முழுக்கப் பிரச்சாரம் செய்தார். 1933-ல் எல்லாமே மூடப்பட்டன. பிற்காலத்தில் தேசியப் பெண்கள் அமைப்பின் தலைவரானவர் இவர்தான். அதே கல்லூரிக்குச் சுமார் எண்பது வருடம் கழித்து அதே தீட்டா திரும்பி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாணவிகளே கேட்டு அழைத்து வந்தார்கள்.

செல்வி_இண்டியானா
ஆகஸ்ட் 20, மதியம் 12:40

பஞ்சாங்கம் ஐயா டிபா பேரைச் சொன்னதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. எங்க வீட்டுலேருந்து ஒரு மணி நேரம். அங்கதான் 2006 கடைசியில டெல்டா ஸீட்டா விவகாரம் நடந்தது. அப்போ இங்க எல்லா டீக்கடை... மன்னிக்கணும், ஸ்டார்பக்ஸ்லயும் அதே பேச்சு.

அந்த வீட்டுல ஆள் சேர்க்கை குறைஞ்சுபோச்சுன்னு தேசிய அலுவலகத்துலேருந்து வந்து 35 பேரையும் இன்டர்வியூ பண்ணினாங்க. சேர்க்கை வேலையில "ஈடுபாடு போதாது"ன்னு 23 பேரை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. போகச் சொன்னவங்கள்ல உடம்பு பெருத்தவங்க அத்தனை பேரும் இருந்தாங்க, வீட்டுல இருந்த ஒரே கறுப்பினப் பொண்ணு, ஒரே கொரியப் பொண்ணு, ஒரே வியட்நாம் பொண்ணு இருந்தாங்கன்னு பேப்பர்ல வந்துது. இருக்கச் சொன்ன 12 பேர்ல பாதிப் பேர் கோபத்துல தாங்களாவே வெளியே வந்துட்டாங்க. தோற்றத்தை வெச்சு எடுக்கலைன்னு அமைப்பு மறுத்துது. கல்லூரித் தலைவர் 2007-ல அந்த சோராரிட்டியையே கேம்பஸை விட்டு அனுப்பிட்டார்.

எனக்கு இதுல உறுத்தறது அந்த "ஈடுபாடு"ங்கிற வார்த்தைதான். "க்ளிக் ஆகலை"ன்னு நிலா எழுதினதுக்கு அக்கா முறை.

ஹூஸ்டன்காரன்
ஆகஸ்ட் 20, மதியம் 1:22

ஒரு இடத்துல நடந்ததை வெச்சு மொத்தத்தையும் சொல்லக் கூடாது. அதோட அது 2006. இப்போ காலம் மாறிடுச்சு.

பழைய_பஞ்சாங்கம்
ஆகஸ்ட் 20, மதியம் 2:10

மாறியது எப்படி என்று பார்ப்போம். அலபாமா பல்கலைக்கழகம், டஸ்கலூசா. 1963 ஜூன் 11 அன்று ஆளுநர் வாலஸ் கறுப்பின மாணவர்களை உள்ளே விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்ற அதே இடம். சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2013 செப்டம்பரில், மாணவர் பத்திரிகையான கிரிம்சன் வைட் ஒரு கட்டுரை வெளியிட்டது. நல்ல மதிப்பெண்ணும் குடும்பப் பின்னணியும் உள்ள ஒரு கறுப்பின மாணவியைப் பாரம்பரியமான வெள்ளையர் சோராரிட்டிகள் ஒன்றுகூட எடுக்கவில்லை என்பது செய்தி.

சேர்க்கலாம் என்று உள்ளே இருந்த மாணவிகளில் பலர் விரும்பியிருக்கிறார்கள். தடுத்தது முன்னாள் உறுப்பினர்கள் என்று ஓர் உறுப்பினரே பெயர் போட்டுப் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறக்க வைத்தார். சில நாட்களிலேயே கறுப்பின மாணவிகளுக்கு அழைப்புகள் போயின.

எழுத்தில் தடை எதுவும் இல்லை, யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஐம்பது வருடமாக விளைவு மட்டும் ஏறக்குறைய மாறவில்லை. ஹூஸ்டன்காரர் சொல்லும் "காலம்" தானாக மாறவில்லை. நாடே பார்க்கிறது என்ற கூச்சத்தில் மாறியது.

சங்கமித்திரை_சான்ஹோசே
ஆகஸ்ட் 20, மதியம் 3:03

அதே அலபாமா ரஷ்தானே 2021-லேருந்து டிக்டாக்ல ஓடுது? காலையில என்ன டிரஸ், எந்தக் கடை நகைன்னு பிள்ளைங்க போடற வீடியோ. 2,500 பேர்கிட்ட கலந்துக்கறாங்க. கடைசி நாள் ஃபுட்பால் ஸ்டேடியத்துல எந்த வீடு எடுத்துதுன்னு கவர் பிரிச்சுப் பார்த்துட்டு வீட்டைப் பார்த்து ஓடறாங்க. பார்க்க ஜாலியாத்தான் இருக்கும். கவர் கிடைக்காத பிள்ளைங்க வீடியோ போட மாட்டாங்கல்ல.

யாழ்_மார்க்கம்
ஆகஸ்ட் 20, மாலை 5:47

எங்கட பிள்ளையளுக்கு இது ஏன் எண்டுதான் எனக்கு விளங்கேல்ல. தமிழ் மாணவர் சங்கம் இருக்குத்தானே? இல்லாட்டி தெற்காசியப் பிள்ளையளுக்கெண்டே தனி சோராரிட்டி இருக்காம். அதில சேரலாமே.

கவிதா_ஆஸ்டின்
ஆகஸ்ட் 20, மாலை 6:30

இருக்கு அக்கா. என் நாத்தனார் பொண்ணு ஒண்ணுல இருக்கா. எல்லாமே ஏறத்தாழ ஒரே சமயத்துல வந்தவை. 1998-ல எங்க ஆஸ்டின்ல கப்பா ஃபை காமா, ஹூஸ்டன்ல டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்ல சிக்மா சிக்மா ரோ. அடுத்த வருஷம் டெக்சஸ் ஏ அண்ட் எம்ல டெல்டா கப்பா டெல்டா. எண்பதுகள்ல வந்த நம்ம ஆளுங்களோட பொண்ணுங்க காலேஜுக்குப் போன வருஷங்கள் இதெல்லாம்.

ரஷ் மாதிரி ஆயிரம் பேர் கூட்டம் கிடையாது. சின்ன குரூப், நல்லாப் பழகறாங்க. தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு பட்டாளமே வரும். ஆனா மாளிகை மாதிரி சொந்த வீடு கிடையாது, தலைமுறை தலைமுறையா வேலை வாங்கித் தர்ற முன்னாள் உறுப்பினர் கூட்டமும் இன்னும் அந்த அளவுக்கு இல்ல. நம்ம பிள்ளைங்க அந்தப் பெரிய வீடுகளைப் பார்த்து ஏங்கறது பாட்டுக்கும் டான்ஸுக்கும் மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன்.

ஹூஸ்டன்காரன்
ஆகஸ்ட் 20, மாலை 7:11

அப்போ இதுக்குப் பதில் சொல்லுங்க. வெள்ளைக்காரப் பொண்ணுங்க தங்களுக்குள்ள சேர்ந்தா பாகுபாடு, நம்ம பொண்ணுங்க தங்களுக்குள்ள சேர்ந்தா கலாச்சாரமா? கமலா ஹாரிஸ் இருந்த ஏகேஏ (ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா) என்ன, எல்லாரையும் வாங்க வாங்கன்னா கூப்பிடறாங்க?

பழைய_பஞ்சாங்கம்
ஆகஸ்ட் 20, இரவு 8:26

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பாராட்டிவிட்டு மறுக்கிறேன்.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா 1986-ல் ஹாவர்டில் ஏகேஏவில் சேர்ந்தார். அவருக்கு அதில் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஏகேஏ உட்பட ஒன்பது கறுப்பினச் சங்கங்கள் உண்டு, அவை நிறத்தை வைத்துக் கதவை மூடியவை அல்ல. எளிதில் சேர முடியாது என்பது மெய்தான். மதிப்பெண், சேவை, பழைய உறுப்பினர்களின் கண் எல்லாம் வேண்டும். அவர்களும் கழிக்கிறார்கள், சிலர் மனம் புண்படத்தான் செய்கிறது.

ஆனால் கழித்தல் என்பது ஒன்று, கழித்ததால் என்ன போகிறது என்பது இன்னொன்று. தெற்கே பல கேம்பஸ்களில் மாணவர் தேர்தலில் யார் ஜெயிப்பது என்பதே அந்தப் பெரிய வீடுகளில் முடிவாகும். அலபாமாவில் "மெஷின்" என்று ஒரு ரகசியக் கூட்டணியே உண்டு. மாநில அரசியலுக்கு ஏணி அங்கிருந்துதான் தொடங்கும். ஏணி சாத்தியிருக்கும் வீட்டுக்கும் தீபாவளி கொண்டாடும் வீட்டுக்கும் ஒரே நியாயம் பேசக் கூடாது.

மட்டுறுத்துநர்
ஆகஸ்ட் 20, இரவு 8:50

கீதா அவர்களின் மகளின் நிறம், எடை பற்றி வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. முகம் தெரியாத ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம், நினைவிருக்கட்டும்.

செல்வி_இண்டியானா
ஆகஸ்ட் 20, இரவு 9:14

சட்டத்துல எதுவும் பண்ண முடியாதா? காலேஜ்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கிற டைட்டில் ஒன்பது சட்டம் எதுக்கு இருக்கு?

பழைய_பஞ்சாங்கம்
ஆகஸ்ட் 20, இரவு 9:40

1972-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு 1974-லேயே விலக்கு வாங்கிவிட்டார்கள். சமூக ஃப்ராடர்னிட்டி, சோராரிட்டிகள் ஒரே பாலினத்தாரை மட்டும் சேர்க்கலாம் என்று.

ஹார்வர்ட் 2016-ல் வேறு வழி பார்த்தது. ஒரே பாலினச் சங்கத்தில் இருந்தால் மாணவர் அமைப்புகளுக்குத் தலைமை தாங்க முடியாது, விளையாட்டு அணிக்கு கேப்டன் ஆக முடியாது, ரோட்ஸ் உதவித்தொகைக்குச் சிபாரிசு கிடையாது என்றது. குறி வைத்தது பழைய பணக்கார ஆண்கள் கிளப்புகளை. அவற்றில் அசையாமல் நின்றவை உண்டு. ஆனால் இரண்டே வருடத்தில் அங்கிருந்த சோராரிட்டிகள் ஒன்று மூடின, இல்லை இருபாலருக்கும் திறந்துகொண்டன. சோராரிட்டிகளின் தேசிய அமைப்புகளும் ஃப்ராடர்னிட்டிகளும் 2018-ல் வழக்குப் போட்டார்கள். 2020-ல் ஹார்வர்ட் அந்த விதியைக் கைவிட்டது.

நிலா_02
ஆகஸ்ட் 20, இரவு 11:31

2020-ஐப் பற்றி ஒன்று. அந்தக் கோடையில் வான்டர்பில்ட், டியூக் போன்ற இடங்களில் மாணவர்களே "இதை ஒழியுங்கள்" என்று கூட்டமாக வெளியேறினார்கள். அந்த அலையில்தான் பல தேசிய அமைப்புகள் லெகசி முன்னுரிமையைக் கைவிட்டன. நானும் வெளியேற நினைத்தேன், வெளியேறவில்லை. என் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனவள் அந்த வீட்டுப் பெண். அந்த வீட்டை எனக்குப் பிடிக்கும். நான் இரண்டு போட்ட பெண்ணுக்கும் அங்கே அப்படி ஒருத்தி கிடைத்திருப்பாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

கீதா ஆன்ட்டி, உங்கள் மகளைக் கழித்தவள் அநேகமாக என்னைப் போல ஒருத்தி. இப்படிச் சொல்வது ஆறுதலா என்று தெரியவில்லை.

கீதா_ஷார்லட்
ஆகஸ்ட் 22, இரவு 8:05

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நிலா, உன் பதிவை மூணு தடவை. உன் மேல கோபம் வரும்னு நினைச்சேன், வரலை.

ஹூஸ்டன் சார், நீங்க சொன்ன காசுக் கணக்கை அவ அப்பாவும் சொன்னார். ஆனா அவ கேட்டது காசு இல்ல. "அம்மா, அவங்க என்கிட்ட ஏதோ பார்த்துட்டாங்க, அது என்னன்னு தெரிஞ்சா சரி பண்ணிப்பேன்"னு கேட்டா. அதுக்கு நான் என்ன சொல்றது? எட்டு நிமிஷத்துல யாரும் எதையும் பார்க்கலைடின்னு இப்பத்தான் சொல்ல முடிஞ்சுது.

இன்னிக்கு ஒரு சேதி. இடம் நிரம்பாத ஒரு வீட்டுலேருந்து போன் வந்துதாம். ரஷ் முடிஞ்சப்புறம் இப்படிச் சாவகாசமா சேர்க்கிறதுக்கும் வழி இருக்காம். வியாழக்கிழமை காபிக்கு வரச் சொல்லிருக்காங்க. அவளோட ரூம்மேட்டையும் கழிச்சுட்டாங்க, அவளுக்குப் போன் வரலை. "அவளை விட்டுட்டு எப்படிம்மா போறது"ங்கறா, அடுத்த நிமிஷமே "என்ன போட்டுக்கட்டும்"ங்கறா.

அந்த வெள்ளை கவுனைக் கடையில திருப்பித் தர இன்னும் ஒன்பது நாள் இருக்கு. தந்துடட்டுமான்னு கேட்டேன். இருக்கட்டும்னா.